மரியாதை வாள்கள்



வாள் என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்றைய மாணவர் பலருக்கு நினைவு வருவது வாள்வெட்டுச் செய்திகளேயாம். வடமாகாணத்துப் பத்திரிகைகளைப் படிப்போர் இதனை மறுக்கமாட்டார்கள். பாடசாலை அதிபர் என்ற வகையில் எனக்கு இது மிக்க கவலையைத் தருகின்றது. ஆயினும், எவரையும் வெட்டுவதற்கென்று செய்யப்படாத வாள்களும் உலகில் உண்டு. பதவிக்கும் பொறுப்புக்கும் கொடுத்த வாக்குக்கும் அடையாளமாக இடையில் அணியப்பட்டவை அவை. அவற்றை மரியாதை வாள்கள் என்று இப்பேச்சில் குறிப்பிடுகின்றேன். அத்தகைய வாள்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளிலும் உளர். அவர்கள் அவற்றை ஏன் சேர்க்கின்றனர், எவ்வாறு படித்தறிகின்றனர், வன்னியில் வாழும் நமக்கு அதனால் ஆவது யாது என்பவற்றை இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

இவ்விடயத்தில் எனக்கு நாட்டம் உண்டானது ஒரு சிறு நிகழ்ச்சியினால். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையிலே பழம்பொருட் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். பிள்ளைகள் தத்தம் வீடுகளிலிருந்து திருகை, பாக்குவெட்டி, வெற்றிலைத் தட்டம், பித்தளைச் செம்பு, ஓலைச்சுவடி முதலியவற்றைக் கொண்டுவந்தனர். ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி ஒரு துணிப்பொட்டலத்தைக் கொணர்ந்து என் மேசைமீது அவிழ்த்து வைத்தாள். அதனுள் இருந்தது இரண்டு அங்குல நீளமுள்ள வெள்ளிப் பொருளொன்று, தட்டையான குழாய் போன்றது, மேலே கொடிவேலை, பக்கத்தில் ஒரு சிறு வளையம். “இது என்ன, சேர்?” என்று வினவினாள். காப்பின் துண்டு என்றார் ஓர் ஆசிரியர். தாயத்துக் கூடு என்றார் இன்னொருவர். எனக்கும் அப்போது விடை தெரியவில்லை. பின்னர் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே அது ஒரு வாளுறையின் வாய்ப்பூண் என்று அறிந்துகொண்டேன். வாள் எங்கே, அதனை அணிந்தவர் யார் என்ற கேள்விகள் அதன்பின் எழுந்தன. அவற்றின் விடையைப் பேச்சின் பிற்பகுதியிற் கூறுவேன்.

வாளை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியப் புறத்திணையியலிலே குடையையும் வாளையும் நல்ல நாளிற் புறப்படச் செய்தல் ஒரு துறையாகப் பேசப்படுகின்றது. அரசன் தான் புறப்படுதற்குரிய நாள் வாய்க்காதபோது, நல்ல நாளொன்றில் தன் குடையையோ வாளையோ முன்னதாக அனுப்பிவைப்பான். வாள் புறப்பட்டால் அரசன் புறப்பட்டதாகவே கொள்ளப்படும். வாளினை நீராட்டி வாழ்த்தும் வாள்மங்கலம் என்னும் துறையும் உண்டு. ஆகவே, வாள் கருவியாக மட்டுமன்றி ஆளுக்குப் பதிலாக நிற்கும் அடையாளமாகவும் மிகப் பழங்காலத்திலேயே கருதப்பட்டமை தெளிவாகின்றது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டையும் நேயர்கள் அறிவீர்கள். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகின்றான். அங்கே ஆயுதங்கள் யாவும் மயிற்றோகையும் பூமாலையுமாக அலங்காரம் பெற்றுத் துருவேறாதபடி நெய் தடவப்பட்டுப் பளபளக்கின்றன. அதியமானின் ஆயுதங்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று ஔவையார் நயமாக உரைக்கின்றார். தொண்டைமானை இகழ்ந்த பாட்டென்று நாம் இதனைப் படித்து மகிழ்கின்றோம். அதனிடையே ஓர் உண்மையும் கிடைக்கின்றது. போருக்குப் போன ஆயுதம் முறிந்து உலைக்குச் செல்லும். காட்சிக்கு வைத்த ஆயுதமே நெடுங்காலம் நிலைக்கும். உலகின் நூதனசாலைகளிலே மரியாதை வாள்கள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, இவ்வாள்களைச் சேர்க்கும் பழக்கம் பெருவழக்காயுள்ள அமெரிக்காவை நோக்குவோம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் சகோதர சங்கங்கள் பல தழைத்தன. உறுப்பினர் ஒருவருக்கொருவர் உதவுதல், நோயுற்றாரையும் விதவைகளையும் ஆதரித்தல், இறந்தாரை மரியாதையுடன் அடக்கஞ்செய்தல் ஆகியவை அவற்றின் நோக்கங்கள். பிறீமேசன் சங்கம், ஒட் பெலோஸ் சங்கம், 1864இல் வாஷிங்டன் நகரில் தோன்றிய பிதியஸ் வீரர் சங்கம், 1882இல் கத்தோலிக்கரால் நியூ ஹேவன் நகரில் நிறுவப்பட்ட கொலம்பஸ் வீரர் சங்கம் ஆகியவை அவற்றுட் சில. இவை பழைய ஐரோப்பிய வீரர் மரபை நினைவூட்டும் சீருடையையும் வாளையும் ஏற்றுக்கொண்டன. பிறீமேசன் சங்கங்களிலே கூட்டம் நடைபெறும்போது வாயிலின் வெளியே உருவிய வாளுடன் ஒருவர் காவல் நிற்பதும் மரபாகும். அச்சங்கம் ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைக்கும் வந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. இராணுவத்துக்கு வாள் செய்து கொடுத்த தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. அக்காலத்திலே சங்கங்களின் ஊர்வலங்கள் பெருகின. மசாசூசெற்ஸ் மாநிலத்துச் சிக்கொப்பீ நகரிலிருந்த ஏம்ஸ் கம்பனி போன்றவை சங்க வாள்களைச் செய்யத் தொடங்கின. ஒகாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் லில்லி கம்பனியும் இத்தொழிலிற் பெயர்பெற்றது. படைவீரனுக்கு வாள் செய்த கைகளே, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்திற் செல்லும் மளிகைக்கடைக்காரருக்கும் தச்சருக்கும் வாள் செய்து கொடுத்தன.

இவ்வாள்களின் அலகிலே பெரும்பாலும் கூர் இராது. அவ்வலகின் மீது பூவேலையும் சங்கத்தின் சின்னங்களும் அமிலத்தால் அரித்து வரையப்பட்டிருக்கும். கைப்பிடியின் உச்சி தலைக்கவசம் அணிந்த வீரனின் தலையாகவும், கைக்காப்பு சிலுவை வடிவாகவும் அமைந்திருந்தால் அது பிறீமேசன் மரபைச் சார்ந்த வீரர் பிரிவுக்குரியதாதல் கூடும். மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி வரையப்பட்டிருந்தால் அது ஒட் பெலோஸ் சங்கத்துக்குரியது. நட்பு, அன்பு, சத்தியம் என்பன அம்மூன்று கண்ணிகள் குறிக்கும் பொருள்கள். இவற்றை அறிந்துகொண்டால் ஒரு வாளைக் கையிலெடுத்த மாத்திரத்திலே அது எச்சங்கத்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் சேகரிப்போர் முதலில் தேடுவது சின்னத்தையன்று. அலகின் மீது பொறித்திருக்கும் உரிமையாளரின் பெயரையே தேடுகின்றனர். பெயர் கிடைத்தால் அவ்வூரின் குடிசன மதிப்புப் பதிவேட்டையும் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் கல்லறைக் கல்லையும் தேடிச் செல்லலாம். அவர் என்ன தொழில் செய்தார், எப்போது சங்கத்திற் சேர்ந்தார், யாருக்கு உதவினார் என்பன தெரியவரும். பெயருள்ள வாளுக்கும் பெயரில்லாத வாளுக்கும் உலோகத்தில் வேற்றுமை இல்லை. பெயருள்ளது ஒரு மனிதரின் வாழ்வுக்குச் சான்றாக நிற்கும். பெயரில்லாதது அழகிய பொருளாக மட்டும் நிற்கும். நல்ல சேகரிப்பாளர் ஒவ்வொரு வாளுக்கும் ஒரு குறிப்பேட்டுப் பக்கம் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்கச் சங்கங்கள் வாளைத் தாமே வாங்கி அணிந்துகொண்டன. இலங்கையிலோ மரியாதை வாள் அரசினிடமிருந்து வந்தது. கண்டி இராச்சியத்திலே புதிய அரசன் பட்டத்துக்கு வரும்போது, நாத தேவாலயத்திற்குச் சென்று அரச நாமம் பெற்று உடைவாள் தரிப்பது முக்கிய சடங்காக இருந்தது. மதுரை நாயக்கர் உறவினராய் வந்து கண்டியில் ஆண்ட அரசரும் இம்மரபைக் கைக்கொண்டனர். அரசன் வாள் தரித்தல்போல, அரசனுடைய அதிகாரத்திற் பங்குபெற்ற பிரதானிகளும் தத்தம் தகுதிக்கேற்ற வாளை அணிந்தனர்.

அவ்வாளுக்குக் கஸ்தானே என்று பெயர். நேயர்கள் அதனை நாள்தோறும் கண்டிருப்பீர்கள். இலங்கையின் தேசியக் கொடியிலே சிங்கம் தன் வலது முன்காலில் ஏந்தி நிற்பது அந்த வாளே. அது நீண்ட வாளன்று. சிறிது வளைந்த, ஒருபுறம் மட்டும் வாயுள்ள குறுவாள். அதன் சிறப்பு முழுவதும் கைப்பிடியிலே உள்ளது. உச்சியில் சிங்கமுகமும் யாளிமுகமும் கலந்தாற்போன்ற ஒரு விலங்கின் தலை வாய் திறந்து நிற்கும். கண்களிற் சிவப்புக் கல் பதித்திருப்பதும் உண்டு. கைக்காப்பின் முனைகளிலும் அதேபோன்ற சிறு தலைகள் காணப்படும். மரத்தினால் அல்லது கொம்பினால் ஆன உறையின் மீது வெள்ளித்தகடு போர்த்துக் கொடிவேலை செய்திருப்பார்கள். கண்டியரசனின் பட்டறைகள் நான்கிலே பரம்பரைக் கைவினைஞர் இத்தகைய வேலைகளைச் செய்தனர்.

அக்கைவினைஞரின் தொழில்முறைகளை ஊரூராகச் சென்று கேட்டெழுதி 1908இல் பெருநூலாக வெளியிட்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இலங்கைத் தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் அவர். கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராக நாட்டைச் சுற்றிய காலத்திலே, பாறைகளோடு பட்டறைகளையும் பார்த்தார். அவர் எழுதி வையாதிருந்தால் அக்கைவினைஞரின் சொற்களும் அளவுமுறைகளும் பல அழிந்தேபோயிருக்கும். சிங்களக் கைவினையின் நூலைத் தமிழர் ஒருவர் எழுதினார் என்பதும் நாம் எண்ணி மகிழத்தக்கது.

கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரும், பின்வந்த ஆங்கிலேயரும் இவ்வாளின் ஆற்றலைக் கண்டுகொண்டனர். முதலியார், முகாந்திரம் முதலிய சுதேச அதிகாரிகளுக்கு அதனையே பதவியின் அடையாளமாக வழங்கினர் அல்லது அணிய அனுமதித்தனர். தகுதிக்கேற்ப வாளின் பொன்வேலையும் வெள்ளிவேலையும் வேறுபட்டன. பழைய கஸ்தானே சிலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. வீ, ஓ, சீ என்ற மூன்று எழுத்துக்களையும் பின்னிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் முத்திரை அதில் இருக்கும். கைப்பிடி கண்டிக் கலை, அலகு ஒல்லாந்தின் இரும்பு, அணிந்தவர் நம்மூர் முதலியார் என்று இவ்வாறு மூன்று உலகங்கள் ஒரு வாளிலே சந்தித்திருப்பதைக் காண்கிறோம்.

இதில் மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. வாள் கொடுத்தவர் ஆள வந்தவர். வாங்கியவர் அவருக்காக வரி திரட்டியும், ஊழிய வேலைக்கு ஆள் சேர்த்தும் கொடுத்தவர். வாளைக் கண்டு பெருமை கொண்ட குடும்பமும் இருந்தது. அவ்வாளணிந்தவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கிய குடியானவனும் இருந்தான். மரியாதை வாளைப் படிக்கும்போது இவ்விருவரையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

வன்னியின் வரலாறு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. இங்கிருந்த வன்னியர்கள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தும், கொடாது மறுத்தும் தம் உரிமையைக் காத்து வந்தனர். 1780களில் ஒல்லாந்தர் படைகொண்டு வந்து இப்பகுதியை நேரடி ஆட்சிக்குட்படுத்தினர். ஆங்கிலேயர் வந்த பின்னர் பண்டாரவன்னியன் எழுந்தான். 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டை அவன் வசமாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் என்பவன் அவனைத் தோற்கடித்தான். வென்றவர் அவ்விடத்திலே கல்லொன்றை நாட்டினர். ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். நம்மைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுட் பல, இவ்வாறு நம்மை வென்றவரும் ஆண்டவரும் எழுதியவையே.

நம்மவர் பண்டாரவன்னியனைப் பாட்டிலும் கூத்திலும் போற்றி வைத்தனர். முல்லைமணி எழுதிய நாடகம் வன்னியெங்கும் நடிக்கப்பட்டது. மேடையிலே அவன் வாளேந்தி நிற்கும்போது சபையோர் ஆரவாரிப்பர். அந்த வாள் மரத்தாற் செய்து வெள்ளிக்கடதாசி ஒட்டியது. அதில் குற்றமொன்றுமில்லை, கூத்துக்கு அதுவே போதும். ஆயினும் வரலாற்றுக்கு இரும்பும் எழுத்தும் வேண்டும். அவை கிடைக்கும் இடங்கள் நம் வீட்டுப் பெட்டகங்களும், கோயிற் களஞ்சியங்களும், முதியோரின் நினைவுமேயாம்.

இப்போது அம்மாணவியின் வெள்ளிப் பூணுக்குத் திரும்புகிறேன். கண்காட்சி முடிந்த பின்னர் அவளுடைய வீட்டுக்குச் சென்றேன். அவளுடைய அம்மம்மா எண்பது வயதைக் கடந்தவர், திண்ணையில் இருந்தார். பூணைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தபின் சொன்னார்: “அது என்ரை பெத்தப்பாவின்ரை வாளின்ரை பூண், சேர். வாளை விட்டிட்டு வந்தம். இது மட்டும் நகைப்பெட்டிக்குள்ளை கிடந்தது.”

அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். அவருடைய பெத்தப்பா ஊரில் உடையாராக இருந்தவராம். அரசாங்க அதிபர் சுற்றுலா வரும் நாளிலும், கோயிற் கொடியேற்ற நாளிலும் மட்டுமே அவ்வாளை அணிவாராம். வீட்டில் எவரும் அதனைப் பொழுதுபோக்காகத் தொடக்கூடாதாம். உறையின் வெள்ளித்தகடு ஒரு பெண்ணின் கலியாணச் செலவுக்காக உரித்து நிறுத்து விற்கப்பட்டது. அப்போது கழன்று விழுந்த வாய்ப்பூண் மட்டும் எவ்வாறோ நகைகளோடு தங்கிவிட்டது. வாளும், அதனோடு இருந்த ஒரு பழைய கடதாசியும் தகரப் பெட்டியில் இருந்தன. 2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பெட்டியைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. உயிரும் பிள்ளைகளும் முக்கியம். திரும்பி வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் சுவரும் இல்லை.

வாள் எந்த ஆண்டிற் கிடைத்தது, கொடுத்த அதிபர் யார், கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்றெல்லாம் வினவினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது கேட்ட கதையை மட்டுமே சொன்னார். அதனை அப்படியே எழுதி, நாளிட்டு, அவருடைய பேர்த்தியைக் கொண்டு படித்துக் காட்டச் செய்து, அவருடைய கையொப்பத்தையும் பெற்றேன். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அம்மூதாட்டி காலமானார். இன்று அவ்வுடையாரின் வாளுக்குச் சான்றாக எஞ்சியிருப்பன இரண்டங்குல வெள்ளிப் பூணும், ஒரு கொப்பித் தாளுமே.

வன்னியில் இப்படிப்பட்ட வீடு ஒன்றல்ல. இடப்பெயர்வுக்குப் பின் உறுதிகள், சாதகங்கள், கலியாணப் படங்கள், ஏடுகள் ஆகிய யாவற்றையும் இழந்தவர் எண்ணிறந்தோர். இழந்ததை மீட்கும் ஆற்றல் நமக்கில்லை. எஞ்சியதை எழுதிவைக்கும் ஆற்றல் உண்டு. அதனால் விளையும் பயன் பெரிது என்பதற்கு உலக நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன்.

1765இல் ஒல்லாந்தர் கண்டி நகரைச் சூறையாடி அரச மாளிகையிலிருந்து பல பொருள்களைக் கொண்டு சென்றனர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த சிறு பீரங்கி ஒன்றும், பொன் வேலைப்பாடமைந்த மரியாதை வாள் ஒன்றும், வெள்ளி வாள் ஒன்றும், கத்தி ஒன்றும், இரண்டு பெருந்துவக்குகளும் பின்னர் அம்ஸ்ரடாம் நகரின் றைக்ஸ் நூதனசாலையிலே இருந்தன. பீரங்கி எவ்வழியாக அங்கு வந்தது என்பது பற்றி நெடுங்காலம் தவறான கருத்துகள் வழங்கின. அண்மைக் காலத்திலே இரு நாட்டு அறிஞரும் சேர்ந்து பழைய கடிதங்களையும் பட்டியல்களையும் ஆராய்ந்து, அது கொள்ளைப் பொருளே என்று நிறுவினர். அதன் பயனாக ஒல்லாந்து அரசு 2023 யூலை மாதம் அவ்வாறு பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பு நூதனசாலைக்கு வந்துசேர்ந்தன. முன்னர், 1934இல் கண்டியரசனின் அரியணையும் முடியும் இங்கிலாந்திலிருந்து மீண்டதையும் நேயர்களிற் சிலர் அறிந்திருப்பீர்கள்.

இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறநாட்டில் இருந்த வாள்கள் எதனால் மீண்டன? எங்கிருந்து, எப்போது, யாரால் எடுக்கப்பட்டன என்பதற்கு எழுத்துச் சான்று இருந்தமையினால் மீண்டன. சான்றில்லாத பொருள் எவருடைய கண்ணாடிப் பெட்டியிலும் தங்கிவிடும். அதனை உரிமை கொண்டாடிக் கேட்க எவருக்கும் இயலாது.

ஆதலால், வீட்டிலோ கோயிலிலோ பழைய வாளோ, கைப்பிடியோ, உறையோ, பூணோ வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, அதனைத் துலக்க முற்படாதீர்கள். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதும், சான்ட்பேப்பரினால் உரோஞ்சுவதும் ஒரே நாளிற் பளபளப்பைத் தரும். முந்நூறு ஆண்டுப் பொறிப்பையும் அதே நாளில் அழித்துவிடும். வெள்ளியின் கறுப்பு ஒரு குறையன்று. அலகுக்குப் புதிதாகக் கூர் ஏற்றுதல் எந்நாளும் ஆகாது.

இரண்டாவது, வெறுங்கையினால் அலகைத் தொடாதீர்கள். கைவியர்வையின் உப்பு இரும்பைத் தின்னும். பருத்தித் துணியாற் பிடித்து, உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெயைச் சிறிதளவு பூசுக. தொண்டைமானின் கொட்டிலில் நெய் தடவியதும் இக்கருத்துப் பற்றியே. நம் பகுதியின் மாரிகாலத்து ஈரத்தை மரவுறையும் தோலுறையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகவே வாளை உறைக்குள் இட்டு ஆண்டுக்கணக்கில் வைத்தல் தவறு. இரண்டையும் தனித்தனியே வைத்தல் நலம்.

மூன்றாவது, எழுதுக. நீளம், அகலம், நிறை, கைப்பிடியின் பொருள், அலகில் உள்ள எழுத்து அல்லது முத்திரை ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. நான்கு பக்கமும் படம் எடுத்து வைக்க. அதன்பின் வீட்டின் முதியவரைக் கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதி நாளிடுக. கேட்ட கதை வேறு, கண்டறிந்த உண்மை வேறு. இரண்டையும் வெவ்வேறாக எழுதுக. இலக்கத்தைப் பொருளின்மீது கீறாமல் நூலிற் கட்டிய அட்டையில் எழுதுக. ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைக்க. ஒரே பெட்டியில் எல்லாம் இருப்பதன் துன்பத்தை நாம் அனுபவித்து அறிந்தவர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பாதுகாக்கும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் துணையையும் நாடலாம்.

நான்காவது, ஏமாறாதீர்கள், ஏமாற்றவும் இடங்கொடாதீர்கள். உல்லாசப் பிரயாணிகளுக்காக வார்த்த பித்தளைப் பிடியுள்ள புதுவாள்கள் பழையவை என்று விற்கப்படுவதுண்டு. செதுக்கு வேலை மழுங்கி, பூவிதழ்கள் ஒன்றோடொன்று கலந்து, வார்ப்பின் புள்ளிகள் தென்பட்டால் ஐயுறுதல் வேண்டும். மறுபுறத்தில், உண்மைப் பழம்பொருளைப் பழைய இரும்பு விலைக்கும் வெள்ளி விலைக்கும் கேட்டு வருவோரும் உளர். நிறுத்து விற்றால் வெள்ளியின் விலை கிடைக்கும்; வரலாற்றுக்கு எவரும் விலை தரமாட்டார்.

ஐந்தாவது, சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டது. 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களை அது தொல்பொருளாகக் கருதுகின்றது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட உடன்படிக்கையின் நாள் அது. அத்தகைய பொருளை உத்தரவின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதல் குற்றமாகும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தனுப்ப எண்ணுவோர் இதனை மறவாதிருப்பாராக. மண்ணிலிருந்து கிடைக்கும் பழம்பொருளை உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தலும் கடமையாகும். புதையல் தேடி நிலத்தை அகழ்தல் சட்டத்துக்கு விரோதமானது. நமது பகுதியிலோ அது உயிருக்கும் ஆபத்தானது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றபின்னும் நம் மண்ணில் வெடிபொருள்கள் கண்டெடுக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்கு இதனைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அன்பர்களே, உடையார், விதானையார் என்ற பதவிகள் மறைந்துவிட்டன. 1963இல் விதானைமாரின் இடத்துக்குக் கிராம சேவகர் வந்தனர். இன்று எந்த அலுவலரும் வாளணிந்து ஊருக்குள் வருவதில்லை. வர வேண்டியதும் இல்லை. அதிகாரத்தின் அடையாளம் இடையிலிருந்து நீங்கி, எழுதுகோலுக்கும் முத்திரைக்கும் மாறியது நல்ல மாற்றமே. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டுமானால், பழைய அடையாளங்களிற் சிலவாவது அவர்கள் கண்ணிற்படும்படி இருத்தல் வேண்டும். வாளைக் கையிலெடுத்துக் கேடு செய்ய எண்ணும் இளைஞன், அந்த வாளைத் தன் பாட்டனுக்குப் பாட்டன் ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டுமே அணிந்தான், ஒருமுறையேனும் உருவவில்லை என்று அறிந்தால், சற்றே நாணமுறுவான் என்பது என் நம்பிக்கை.

அவ்வெள்ளிப் பூண் அம்மாணவியின் வீட்டிலேயே இருக்கின்றது. பாடசாலைக்குத் தருவதாக அவர்கள் முன்வந்தபோது நான் வாங்க மறுத்தேன். அது அவர்கள் குடும்பத்தில் தங்குவதே முறை. அதன் படமும், அளவும், மூதாட்டியின் வாக்குமூலமும் மட்டும் எங்கள் பாடசாலையின் குறிப்பேட்டில் உள்ளன. அதன் பின்னர் வேறு பிள்ளைகள் கொண்டுவந்த பொருள்களுக்கும் ஒவ்வொரு பக்கம் எழுதத் தொடங்கினோம். மாணவரே கேட்கின்றனர், மாணவரே எழுதுகின்றனர், நான் பிழை திருத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்றிரவு நேயர்கள் தத்தம் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, பெட்டகத்தில் உள்ள பழைய பொருளொன்றைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி நாளிட்டு வையுங்கள். நாளைக்கு என்று ஒத்திவைக்க வேண்டாம்.